மூன்று முறை அடித்து நிற்கும் போன்

1

இன்று மதியம் ஒன்றரை மணிக்குச் சமையலறை அலமாரியில் இருக்கும் என் பழைய போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை. அடிக்காது என்று எனக்குத் தெரியும். அம்மா போய் இன்றோடு ஒரு வருடம். இருந்தாலும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, அடிக்காத போனின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஜெர்மனிக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு பழைய போன் இருக்கும். ஊர் பேங்கிலிருந்து வரும் ஓடிபி எண்ணுக்காக ஊர் சிம்மை அதில் போட்டு உயிரோடு வைத்திருப்போம். அதற்கு வரும் அழைப்பை இங்கே எடுத்தால் ரோமிங்கில் நமக்குக் காசு பறக்கும். எடுக்காவிட்டால் யாருக்கும் செலவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அம்மா ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டில் விளக்குப் போட்டதும், தன் பட்டன் போனிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால். மூன்று முறை அடித்ததும் நிறுத்திவிடுவாள். நான் எடுக்கக் கூடாது. 'இருக்கேன்' என்று அதற்கு அர்த்தம். குளிர்காலத்தில் இங்கே அது ஒன்றரை மணி. கோடையில் இவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுவதால் இரண்டரை. "ஏட்டி, வெள்ளக்காரன் மணிய மாத்துனா மாத்திட்டுப் போறான், நான் ஆறு மணிக்குத்தான் அடிப்பேன்" என்றாள் ஒருமுறை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் தம்பி செல்வினின் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். மற்ற ஆறு நாளும் அந்த மூன்று மணியோசைதான். ஏழு வருடம் அது தவறவில்லை. அது தவறவில்லை என்பதுதான் பிறகு என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

2

நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவள். பசுவந்தனைப் பக்கத்து எங்கள் ஊரில் யாராவது கேட்டால் செல்வின் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லி முடித்துவிடுவான். இந்தக் குறிப்பைப் பொறுத்தவரை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

புரோகிராமுக்குள் மெத்தட் என்று ஒன்று உண்டு. ஒரு வேலையைச் செய்துவிட்டு வந்து நமக்குப் பதில் சொல்லும் துண்டு. அதை எழுதும்போதே அது எந்த வடிவத்தில் பதில் சொல்லும் என்பதையும் எழுதியாக வேண்டும். எண்ணாகச் சொல்லுமா, பெயராகச் சொல்லுமா, பட்டியலாகவா, இல்லை ஆம்-இல்லை என்று மட்டுமா. ரிட்டர்ன் டைப் என்பது இதுதான். படிக்கிற காலத்தில் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டோம். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் அந்த மெத்தடுக்கு வேறு வாய் கிடையாது.

எங்களுக்கு இரண்டு இடத்தில் கரிசல் நிலம். ஒன்று ஊரை ஒட்டி, இன்னொன்று பசுவந்தனைக்கு அந்தப் பக்கம். அப்பா இருந்தபோது புரட்டாசியில் அங்கே மழை விழுந்ததா என்று பார்த்துவர ஆளனுப்புவார். வானம் பார்த்த பூமியில் இரண்டு மைலுக்குள்ளேயே ஓரிடத்தில் பெய்து ஓரிடத்தில் பெய்யாது. அந்த ஆளிடம் "பேஞ்சுது, பேயல, ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணும், மூணாவதா ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? பஸ் வராமல் அவன் போகவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இரண்டில் ஒன்றைச் சொல்வான். அப்பா அதை நம்பி விதையை மண்ணில் போடுவார். நிஜத்தில் எந்த ஆளும் "அண்ணாச்சி, பஸ் வரல, நான் போகல" என்று சொல்லிவிடுவான். மெத்தடுக்கு அந்த வசதியை நாம் கொடுத்தால்தான் உண்டு.

நான் கொடுக்கவில்லை.

எங்கள் கம்பெனி செய்வது, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கான ஒரு கருவி. வீட்டில் அது ஒரு மூலையில் இருக்கும். மனிதர் நடமாடுகிறாரா என்று கவனிக்கும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் போனில் பார்த்தால், எல்லாம் சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அந்த நிறத்தை முடிவு செய்யும் மெத்தடை மூன்று வருடம் முன்பு நான்தான் எழுதினேன். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'நலமா' என்று வரும். பதில் ஆம் அல்லது இல்லை.

எழுதும்போதே ஒரு கேள்வி வந்தது. கருவியே பதில் சொல்லாவிட்டால் எதைத் திருப்புவது? 'இல்லை' என்றால் இன்டர்நெட் அரை மணி நேரம் போனாலும் சிவப்பு விழும், ஆம்புலன்ஸ் ஓடும், வாடிக்கையாளர் திட்டுவார்கள். அதனால் கடைசியாகத் தெரிந்த பதிலையே திரும்பச் சொல்லும்படி எழுதினேன். நேற்று நலமாக இருந்தவர் இன்றும் நலம். கொடுக்கப்பட்ட இரண்டு பதிலுக்குள் இது புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். மூன்றாவது பதில் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா விழுவதற்கு மூன்று மாதம் முன்பு, எங்கள் கருவி இருந்த ஒரு வீட்டில், மூன்றாவது மாடியில், ஒரு முதியவர் கால் தடுக்கி விழுந்தார். விழும்போது அவர் பிடித்து இழுத்தது எங்கள் கருவியின் ஒயரை. பிளக் கழன்று வந்துவிட்டது. இரண்டு நாள் தரையிலேயே கிடந்தார். இரண்டு நாளும் பச்சை.

அவர் பிழைத்தார். அதன்பின் நடக்கவில்லை. வேறு நாட்டில் இருந்த அவர் மகள் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். திட்டு ஒன்றும் இல்லை அதில். ரெண்டு நாளும் காலையிலும் மாலையிலும் போனை எடுத்துப் பார்த்தேன், பச்சையாக இருந்தது, நிம்மதியாக வேலைக்குப் போனேன் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

3

அதே மாதங்களில் எனக்கு இன்னொரு பாடும் இருந்தது. பழையது முடிந்துபோனதால் இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பதில் இல்லை.

புரோகிராமில் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டியல் கேட்டால், ஒன்றும் இல்லாதபோது காலிப் பட்டியலைத் திருப்புவது மரியாதை. 'பார்த்தேன், உனக்கு ஒன்றும் இல்லை' என்று பொருள். எதையுமே திருப்பாமல், ஆங்கிலத்தில் 'நல்' எனப்படும் வெறுமையைக் கொடுத்துக் கையை விரிப்பது மோசம். காலித் தட்டாவது வரும் என்று நம்பிக் கையை நீட்டினவன் விழுவான். அந்த அலுவலகம் எனக்கு ஏழு மாதம் 'நல்' அனுப்பியது. கடைசியில் ஒரு தற்காலிகச் சீட்டு வந்தது. மடித்து வைக்கிற ஒரு தாள், என் முகம் ஒட்டியது. இதோடு இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர இது போதாது என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இரண்டு முறை சொன்னாள். என் ஜெர்மன் போதாது என்று நினைத்து மூன்றாம் முறை மெதுவாகவும் சொன்னாள்.

இதை நான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிப் புலம்பினேன். "இந்தப் பேப்பர் முடியற வரைக்கும் நான் எங்கயும் அசைய முடியாதுலே" என்று செல்வினிடம் எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

என் மகள் ரூபாவுக்கு அப்போது பன்னிரண்டு. வரும்போது ஐந்து வயது, தமிழில் சண்டை போடுவாள். அப்போதோ ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் பேசிய தமிழ் "நல்லாருக்கேன் பாட்டி" என்பதோடு சரி. அதையும் நான் முதுகில் இடித்தால்தான். வெளியே போனால் 'பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா' என்று மெசேஜ் அனுப்புவேன். ஒரு கட்டைவிரல் படம் வரும். அம்மாவின் மூன்று மணியும் இவளின் கட்டைவிரலும் எனக்குப் போதுமாக இருந்தன. கேட்டதற்குப் பதில் வந்துவிடுகிறது, அடுத்த வேலையைப் பார்க்கலாம். அப்படித்தான் நான் இருந்தேன், நல்ல பிள்ளை போல எழுதிக் காட்டுவதில் பயனில்லை.

4

மாசி மாதம், வற்றல் போட்ட மிளகாயைக் களத்தில் கிளறிக்கொண்டிருந்தபோது அம்மா விழுந்தாள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. நாக்கு குழறியது. செல்வின் ஒரு வேனில் போட்டுக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனான். எனக்கு இது எதுவும் தெரியாது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று முறை அடித்து நின்றது.

அடுத்த ஞாயிறு செல்வின் மட்டும் முகம் காட்டினான்.

"அம்மா எங்கலே?"

"மொளகாக் களத்துல இருக்காவ."

"நல்லாருக்காவளா?"

"ம், நல்லாருக்காவ."

அவனுக்குப் பின்னால் தெரிந்த சுவர் எங்கள் வீட்டுச் சுவர் இல்லை. பச்சை பூசிய சுவர், அதில் ஒரு காலண்டர். பார்த்தேன். யார் வீடு என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் ரூபா ஏதோ கேட்டாள், விட்டுவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு அம்மா கோயிலில் உபவாச ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றான். நல்லாருக்காவளா என்றேன். நல்லாருக்காவ என்றான்.

இங்கே நான் அப்போது மும்முரமாக இருந்தேன். முதியவர் விழுந்த விஷயத்துக்குப் பிறகு அந்த மெத்தடைத் திருத்தும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருந்தார்கள். ஆம்-இல்லையைத் தூக்கி எறிந்தேன். அது இனி ஒரு முழுப் பதிலைத் திருப்பும். தெரியுமா தெரியாதா, தெரிந்தால் நிலைமை என்ன, எப்போது பார்த்தது, யார் பார்த்துச் சொன்னது. தெரியாது என்றால் பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை, சாம்பல் நிறம், பக்கத்திலேயே கடைசியாகப் பார்த்த நேரம். என் மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போய், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்.

ஒரு மணிக்குத் தொடங்கினேன். பதினைந்து பேர் இருந்தார்கள். கஷ்டமான கேள்விக்குச் சுலபமான பதில் வகையைக் கொடுத்தால் மெத்தட் பொய் சொல்லத்தான் செய்யும், அதற்கு வேறு வழியே விடவில்லை நாம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் ஜெர்மன் அன்று தடுமாறாமல் வந்தது. ஒன்றரைக்கு மேசையில் பழைய போன் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பழக்கத்தில் மனசு எண்ணியது. நிற்கவில்லை. நான்கு. ஐந்து. அதிர்ந்துகொண்டே மேசையில் கொஞ்சம் நகர்ந்தது. முன்வரிசையில் இருந்த பையன் போனையும் என்னையும் பார்த்தான். ஆறு. ஏழு. நின்றது.

அம்மா இன்று எண்ணிக்கை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. எடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு கணம் வந்து போனது உண்மை. ஆனால் எடுக்கக் கூடாது என்பதுதானே ஏழு வருட வழக்கம். அந்தப் பையனைப் பார்த்து "என் அம்மா, நலமாக இருக்கிறாள்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திரையில் காட்டினேன். அதில் 'யார் சொன்னது, எப்போது சொன்னது' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

5

அதற்கு எட்டு நாள் கழித்து அம்மா இறந்துபோனாள். மறுநாள் அடக்கம். எனக்குச் சொன்னது அடக்கத்துக்கு அடுத்த நாள் காலையில்.

செல்வின் நேரே சொல்லிவிட்டான். சுற்றி வளைக்க அவனுக்கு வராது. நான் முதலில் அழவில்லை. நம்பவில்லை.

"நேத்து ஆறு மணிக்கு அடிச்சாவளேலே."

அவன் போனைக் கை மாற்றிப் பிடித்தான்.

"முந்தாநாத்தும் அடிச்சாவ. செல்வின்?"

"நான்தான்க்கா அடிச்சேன்."

"நீயா?"

"அம்மை விழுந்த அன்னையில இருந்து நான்தான் அடிக்கேன். நிறுத்துனா நீ பயந்துருவ."

"நேத்து?"

"கல்லறத் தோட்டத்துல இருந்து வந்து, கைகால் கழுவிட்டு அடிச்சேன். எனக்கு என்ன செய்யன்னு தெரியலக்கா. ஆறு மணி ஆயிட்டு."

என் தம்பி பொய் பேசுகிறவன் இல்லை. வற்றல் எடைபோடும் இடத்தில் வியாபாரி மறந்து கூடக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவன். அவனைத்தான் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து இதைச் செய்ய வைத்தோம். அந்த மணிக்கு இரண்டே பதில்தான் இருந்தது. அடித்தால் இருக்கிறாள். அடிக்காவிட்டால் இல்லை. 'இருக்கிறாள், ஆனால் கை வரவில்லை' என்று அடிக்க வழியில்லை. 'அடிக்கிறது நான், அம்மா இல்லை' என்று அடிக்கவும் வழியில்லை. நேரம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. எந்த மாதிரி மெத்தடை எழுதக் கூடாது என்று பதினைந்து பேருக்குப் பாடம் எடுத்தேனோ, அதே மெத்தடை நானும் அம்மாவும் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

புரோகிராமில் எக்ஸப்ஷன் என்று ஒன்று உண்டு. பதிலே சொல்ல முடியாத நிலைமை வந்தால் மெத்தட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கத்தலாம். எங்கள் குடும்பத்தில் கத்துகிறவர்கள் யாரும் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோதும் வாயுப் பிடிப்பு என்றுதான் சொன்னார்.

அன்று அலுவலகத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மேலாளரிடம் அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்ல நினைத்து, வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டு, அம்மா இறந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் பதறி எழுந்து, "அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறாய், உடனே போ, அவளைப் பார்" என்றார். திருத்திச் சொல்லத் தெம்பில்லை. சரி என்று வெளியே வந்தேன்.

போக முடியவில்லை. அவசரமாகப் போய்வர அனுமதி கேட்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதினேன். மரணச் சான்றிதழை அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் பெயர்த்து இணைக்கச் சொல்லிப் பதில் வந்தது. இந்த முறை பதில் இரண்டே நாளில் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். சான்றிதழ் கைக்கு வரவே ஒரு மாதம் ஆனது. தங்கும் அனுமதி அட்டை வந்து நான் ஊருக்குப் போனபோது ஆடி. கரிசல் வெடித்துக் கிடந்தது. அம்மாவை வைத்த இடத்தில் மேடு பாதி இறங்கி, அதன் குறுக்கேயும் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. செல்வின் பக்கத்து மண்ணைக் காலால் தள்ளி அதை மூடிக்கொண்டே நின்றான்.

6

இன்று மதியம் அடிக்காத போனை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, மற்ற போனில் நானே செல்வினைக் கூப்பிட்டேன். கோயிலில் நினைவு ஜெபம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். வேட்டிகூட மாற்றவில்லை.

இந்த ஒரு வருடமாக நான் அவனிடம் 'நல்லாருக்கியா' என்று கேட்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்கிறேன். ஆம் இல்லை என்று முடிக்க முடியாத கேள்விகள். முதலில் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. "என்னக்கா போலீஸ் மாதிரி கேக்க" என்றான். ரூபாவிடமும் இப்படித்தான். அவள் கட்டைவிரலை அனுப்பினால் உடனே கூப்பிடுகிறேன். தோழிகள் முன்னால் மானம் போகிறது என்று ஜெர்மனில் கத்துகிறாள். கத்தட்டும் என்று இருக்கிறேன். அவள் கத்துவது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருக்கிறது.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இன்று அது வந்தது. ஜெபத்துக்கு யார் யார் வந்தார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"எக்கா, ஒண்ணு கேக்கணும். ஒரு வருஷமா கேக்கணும்னு நெனைக்கேன்."

"கேளுலே."

"ஒரு நாளு நான் ரொம்ப நேரம் அடிச்சேன். மூணோட நிறுத்தல."

எந்த நாள் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்கு டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிட்டாவ, சொந்தக்காரவியளுக்குச் சொல்லிருங்கன்னு. அம்மைக்கு நெனவு இருந்துச்சு. உன்ன கேட்டாவ. ஆனா அவகிட்ட சொல்லிராத, அவ பேப்பரு முடியட்டும்னு ஏங்கிட்ட சத்தியம் வாங்கிருந்தாவ. நானா உன்னக் கூப்பிட்டுச் சொன்னா சத்தியம் போயிரும். நீயா எடுத்துட்டா அது ஆண்டவர் சித்தம்னு நெனச்சேன். எடுத்திருந்தா போன அப்படியே அம்மை காதுல வச்சிருப்பேன்."

அவன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"நீ பாக்கலயாக்கா?"

இந்த ஒரு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட கேள்விகளில் இதுதான் பெரியது. அதற்கு ஆம் இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு என்றில்லை. எங்கே இருந்தேன், என்ன பேசிக்கொண்டிருந்தேன், ஏன் எடுக்கவில்லை, அந்தப் பையனிடம் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொல்ல இடம் இருந்தது. அவனும் கேட்கத் தயாராகத்தான் இருந்தான்.

"பாக்கலலே" என்றேன். "போனு பைக்குள்ள கெடந்துச்சு."

"அதான பாத்தேன்" என்றான் செல்வின். முகம் தெளிந்துவிட்டது. "பாத்திருந்தா எடுத்திருப்ப. ஏழு வருஷத்துல ஒரு நாளும் மூணுக்கு மேல அடிச்சதில்ல, பாத்தவ எடுக்காம இருப்பியா. நான்தான் கண்டதயும் நெனச்சிக்கிட்டு கெடந்தேன்."

பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

7

இந்தப் பத்திரிகைக்குக் குறிப்பு எழுதும்போது எனக்கு எப்போதும் நானூறு வார்த்தை கூடிப்போகும். ஆசிரியர் வெட்டிவிடுவார். இந்த முறை மேலே எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும், கீழே இருப்பதை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்திரிகை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் கடையில் கிடைக்கும். என் குறிப்பு வரும்போதெல்லாம் செல்வின் ஒரு பிரதி வாங்கி வீட்டில் அடுக்கி வைக்கிறான். வரி விடாமல் படிக்கிறான். அம்மா இருந்தவரை அவளுக்கு வாசித்தும் காட்டினான்.

செல்வின், நான் பார்த்தேன். போன் என் முன்னால் மேசையில் இருந்தது. ஏழு முறை அடித்தது. நான் எண்ணினேன்.